குடல் அழற்சி நோய் யாருக்கு வரும்? இந்தியாவில் அரிதா?

குடலில் நீண்ட நாள் நீடிக்கும் அழற்சியான இது (IBD) மேலைநாட்டு நோய் என்ற எண்ணம் பழையது. 2017 கணக்கீட்டின்படி உலகில் சுமார் 68 லட்சம் பேருக்கு இது உண்டு. இந்தியாவில் விகிதம் குறைவுதான்; ஆனாலும் 2003-இல் வெளியான பஞ்சாப் ஆய்வில் லட்சத்தில் 44 பேருக்கு இதன் ஒரு வகையான பெருங்குடல் புண் நோய் இருந்தது.

பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தொடங்கும். பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இருந்தால் வாய்ப்பு கூடும். புகைப்பழக்கம் இதன் மற்றொரு வகையான கிரோன் நோயை மோசமாக்கும்.

இங்கே உண்மையான சிக்கல் வேறு. கிரோன் நோயும் குடல் காசநோயும் ஸ்கேனிலும் கொலனோஸ்கோப்பியிலும் (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) ஒன்றுபோலத் தெரியும். கிரோன் நோயைக் காசநோய் என்று நினைத்துவிட்டால் காசநோய் மாத்திரையிலேயே பல மாதங்கள் போய்விடும், அதற்குள் குடல் சுருங்கிவிடலாம். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பேதி 4 வாரம் தாண்டினால் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) அளவு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அது கூடுதலாக இருந்தால் கொலனோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் தேவைப்படும்.