நேராகிவிட்ட ஸ்டியரிங், நேராகாத சக்கரம்

கேள்வி: அண்ணாச்சி, போன வாரம் இரவு மழையில் களியக்காவிளையிலிருந்து திரும்பும்போது, குழித்துறைப் பக்கம் குறுக்கே வந்த ஆட்டோவுக்கு ஒதுங்கப்போய் இடது முன்சக்கரத்தை நடைபாதை விளிம்புக் கல்லில் இடித்துவிட்டேன். டயர் வெடிக்கவில்லை, அலாய் வீலில் கீறல்தான். மறுநாள் நேராக ஓட்டினாலும் ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்த்தோம், நேராகிவிட்டது. ஆனால் வேகத்தடையில் இறங்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம். “எல்லாம் சரியாகிவிட்டது” என்கிறார் கணவர். கார் வாங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கல்யாணம். இந்தக் காரில் போகலாமா?
— வாசகி, மேல்புறம்

பதில்: கல்யாணத்துக்குப் போங்கள் மக்களே, ரயிலில் போங்கள்.

உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது என்று ஸ்டியரிங் சாய்ந்து காட்டியது. டயர் கடைக்காரர் அதன் வாயை அடைத்து அனுப்பியிருக்கிறார். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு ‘டோ’ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) ஒன்றைத்தான் திருப்பிச் சரிசெய்ய முடியும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைச் சுற்றினால், சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வளைந்திருந்தாலும் ஸ்டியரிங் நேராக நிற்கும். வளைந்தது வளைந்தபடியே கிடக்கும். கடையில் தந்த தாளை எடுத்து ‘கேம்பர்’ (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்) என்ற வரியைப் பாருங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் ஒரு டிகிரி அளவுக்கு வித்தியாசம் இருந்தால் ஆர்ம், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், ஷாக் அப்சார்பர் இவற்றில் ஒன்று அடி வாங்கியிருக்கிறது.

தாள் இல்லையென்றால் கை போதும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்டயரின் பின்விளிம்புக்கும் மட்கார்டுக்கும் இடையே விரல்களை நுழைத்துப் பாருங்கள். குளச்சலிலிருந்து வந்த ஒரு மீன் வியாபாரியின் காரில் வலப்பக்கம் நான்கு விரல் நுழைந்தது, இடப்பக்கம் இரண்டுதான். ஆர்ம் மடங்கிச் சக்கரமே பின்னால் தள்ளிப்போயிருந்தது. அவரும் அலைன்மென்ட் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

அடுத்தது டயரின் உட்பக்கம். வெளிக் கீறலைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். குனிந்து உட்சுவரை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. நெல்லிக்காய் அளவுக்குப் புடைப்பு தட்டுப்பட்டால் உள்ளே நூலிழைகள் அறுந்து, காற்றை வெறும் ரப்பர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதற்குப் பஞ்சர் வைத்தியம் கிடையாது, டயரை மாற்றவேண்டும். அலாய் வீலில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள். விரிசலை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

‘டொக்’ சத்தம் ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் பால் ஜாயின்ட், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் லிங்க் ராட், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட் இவற்றில் ஒன்றிலிருந்து வரலாம். லிங்க் ராட் என்றால் செலவு குறைவு. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும்; அதனால்தான் ரயிலைச் சொன்னேன். அதோடு வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு. அங்கே கார் ஒரு பக்கம் இழுத்தால் காற்றா, கோளாறா என்று எனக்கே சட்டென்று தெரியாது.

வளைந்த ஆர்மைத் தட்டி நிமிர்த்தச் சம்மதிக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒன்றைச் சூடாக்கி நிமிர்த்திக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் அந்த வண்டி டயரின் உள்விளிம்பு நூல் தெரியத் தேய்ந்து திரும்பி வந்தது. புது டயர் என் செலவு.

சஸ்பென்ஷனைக் கழற்றுவதற்கு முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கவேண்டும். முழுக் காப்பீடாக இருந்தாலும் டயருக்குப் பொதுவாகப் பாதி விலைதான் கிடைக்கும், அதுவும் வண்டியின் வேறு பாகமும் சேதமானால்தான். 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். கிளைம் செய்தால், முதலாண்டுக்குக் கிடைத்த 20 சதவீத நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) அடுத்த புதுப்பிப்பில் இருக்காது. ஆகவே பில் சிறியதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கணவர் நம்பவில்லையென்றால் அவரை இடப்பக்கம் உட்காரவைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, தெருமுனை வேகத்தடையில் மெல்ல ஏற்றி இறக்குங்கள். சத்தம் அவர் காலடியில்தான் கேட்கும்.