பழைய எண்ணெய் டின்களை வைத்துக் கருவி அலமாரி செய்தால் சுமை தாங்குமா? எப்படிச் செய்வது?

தாங்கும், டின்னின் மேல் சுமையை ஏற்றாமல் இருந்தால். இந்த வேலையில் பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். டின்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ரிவெட் அடித்து, அதையே அலமாரி என்று நிறுத்திவிடுகிறார்கள். டின் தகரத்தின் தடிமன் சுமார் 0.3 மி.மீ மட்டுமே. நாலு ஸ்பேனர் செட் ஏறியதும் கீழ் வரிசை வயிறு தள்ளிவிடும். சுமையை மரப்பெட்டி வாங்கிக்கொள்ளட்டும், டின் அதற்குள் டிராயராக மட்டும் இருக்கட்டும். இந்த முறையில் 4 டின்னில் 8 டிராயர் வரும். ஐந்தாவதாக ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெட்டுகிற டின் பாழாவது வழக்கம்தான்.

எந்த டின்னை எடுக்கக் கூடாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெட்ரோல், தின்னர், பெயின்ட், ஸ்பிரிட், பூச்சிமருந்து இருந்த டின் வேண்டாம். காலியாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நிரம்பிய டின்னைவிடக் காலி டின் ஆபத்தானது, ஏனென்றால் உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். கிரைண்டரின் ஒரு பொறி போதும், வெடிக்கும். கழுவிவிட்டோம் என்பதும் உத்தரவாதம் இல்லை, மடிப்புகளுக்குள் திரவம் தங்கியிருக்கும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டின்னும் இதே கணக்குதான். சமையல் எண்ணெய் டின் பாதுகாப்பானது. அதையும் கைக்கத்தரியால் வெட்டுவதே நல்லது. வெல்டிங் பற்றி யோசிக்கவே வேண்டாம், இந்தத் தகரம் ஆர்க் பட்டதும் ஓட்டையாகிவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கு போக, வெந்நீரில் சலவை சோடா கரைத்து இரவு முழுக்க ஊறவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உடனே துடைத்து வெயிலில் காயவையுங்கள். பிசுக்கு மிச்சமிருந்தால் பின்னால் பெயின்ட் உரியும்.

இனி அளவு. 15 கிலோ எண்ணெய் வரும் சதுர டின் தோராயமாக 235 மி.மீ சதுரம், 350 மி.மீ உயரம். உங்கள் டின்னை அளந்த பிறகே மரம் வெட்டுங்கள், ஏனென்றால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில மி.மீ மாறும். உடலை மட்டும் அளந்தால் போதாது. மூடியும் உடலும் சேருகிற இடத்தில் தடித்த மடிப்பு விளிம்பு இருக்கிறதே, அதை உதடு என்று வைத்துக்கொள்வோம். அது உடலைவிட ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 3 மி.மீ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உதட்டோடு அளந்தால் அகலம் 240 மி.மீ வரும். பெட்டிக் கணக்கு முழுக்க இந்த 240-ஐ வைத்துத்தான்.

டின்னைப் படுக்கவைத்து, நீளவாக்கில் நடுவில் பிளந்தால் இரண்டு தொட்டி. கோடு போடும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உடலின் நெடுக்குத் தையல் எங்கே இருக்கிறது என்பது. வெட்டும் கோடு அதன் மேல் விழக் கூடாது. இரண்டாவது, எண்ணெய் ஊற்றும் வாய். அது மேல்மூடியின் ஒரு மூலையில் இருந்தால், அந்த ஓட்டை முழுதாக ஒரே பாதிக்குப் போகும்படி டின்னைத் திருப்பிக்கொள்ளுங்கள். நடுவில் இருந்தால் இரண்டு பாதியிலும் அரை வட்டம் விழும், அதற்குத் தகரத் துண்டு வைத்து ரிவெட் அடிக்க வேண்டியதுதான். எப்படியானாலும் ஓட்டையுள்ள மேல்மூடி டிராயரின் பின்பக்கம் போகட்டும், சுத்தமான அடிமூடி முன்பக்கம் வரட்டும்.

வெட்டுவதற்கு நேர்வெட்டுத் தகரக் கத்தரி போதும். ஏவியேஷன் கத்தரி (பிடியின் நிறத்தால் வகை தெரியும் தகரக் கத்தரி) வைத்திருந்தால் மஞ்சள் பிடி நேராக வெட்ட, சிவப்பு இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சை வலப்பக்கம் வளைத்து வெட்ட. கோட்டில் 10 மி.மீ துளை ஒன்று போட்டு அங்கிருந்து தொடங்குங்கள். கத்தரியின் வாயை முழுக்க மூடாதீர்கள். நுனி வரை மூடி மூடி வெட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு முள் எழும், அதுதான் விரலைக் கிழிக்கும். முக்கால்வாசி மூடி, திறந்து, முன்னே தள்ளுங்கள்.

உதடு மட்டும் கத்தரிக்கு மசியாது. அந்த இடத்தில் தகரம் ஐந்து மடிப்பாக இருக்கிறது. அங்கே அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்ஸா பிளேடு போடுங்கள். மற்ற இடத்தில் ஹேக்ஸா வைக்காதீர்கள். 32 பல் பிளேடில்கூட ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 0.8 மி.மீ இருக்கிறது, 0.3 மி.மீ தகரம் அந்த இடைவெளியில் விழுந்து மாட்டிக் கிழியும். உதட்டை அறுத்ததும் மடிப்பின் முனை லேசாக வாய் பிளக்கும். அப்படியே விட்டால் நாளடைவில் மூலை பிரிந்துவரும். சுத்தியால் மெதுவாகத் தட்டி மூடி, சால்டரிங் அயர்னால் ஒரு பொட்டு ஈயம் வைத்துவிடுங்கள். வெள்ளீயப் பூச்சுள்ள தகரத்தில் ஈயம் சுலபமாகப் பிடிக்கும். ஈயம் ஒட்டுவதற்காக அமில ஃபிளக்ஸ் (பற்றவைக்கும் முன் தடவும் திரவம்) போட்டிருந்தால் சோடா கரைத்த நீரில் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் அந்த இடம் துருவேறும்.

இப்போது கையில் இருப்பது கத்தி மாதிரி விளிம்புள்ள ஒரு தொட்டி. தோல் கையுறை கட்டாயம். ஆனால் டிரில் பிடிக்கும்போது கழற்றிவிடுங்கள், கையுறை பிட்டில் சுற்றினால் விரலும் சேர்ந்து போகும். தகரத்தையும் கையில் பிடித்துக்கொண்டு துளையிடாதீர்கள். அடியில் மரக்கட்டை கொடுத்துக் கிளாம்ப் போடுங்கள், இல்லையென்றால் பிட் அந்தப் பக்கம் வெளியேறும் நொடியில் தகரம் காற்றாடி மாதிரி சுழலும்.

விளிம்பு மடிப்பதில் அவசரம் வேண்டாம், டிராயரின் ஆயுளே இதில்தான் இருக்கிறது. இரண்டு நீளப் பக்கங்களிலும் விளிம்பிலிருந்து 8 மி.மீ தள்ளிக் கோடு கீறுங்கள். உதட்டை ஒட்டி இருபுறமும் 12 மி.மீ விட்டு, 45 பாகையில் மூலையை வெட்டி எடுங்கள். பக்கத்தை இரண்டு ஆங்கிள் (‘எல்’ வடிவ இரும்பு) துண்டுகளுக்கு இடையே கோடு வெளியே தெரியும்படி வைத்து ஜி கிளாம்பால் இறுக்குங்கள். மரச்சுத்தியால் நீளம் முழுக்க மெல்ல மெல்லத் தட்டி, நாலைந்து சுற்றில் 90 பாகைக்குக் கொண்டுவாருங்கள். ஒரே இடத்தில் முழுக்க மடக்கிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தால் தகரம் அங்கே இழுபட்டு நீளும். பிறகு விளிம்பு அலை அலையாக நிற்கும், அதை யாராலும் நேராக்க முடியாது. 90 பாகை வந்ததும் 3 மி.மீ ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை மடிப்பின் உள்ளே வைத்து, குறட்டால் சுற்றி மூடித் தட்டுங்கள். 8 மி.மீ கணக்கு இதற்காகத்தான். கம்பி விட்டத்தின் இரண்டரை மடங்குடன் தகரத் தடிமனுக்குக் கொஞ்சம் சேர்த்தால் கம்பியை மூடச் சரியாக இருக்கும். மடிப்பு உள்பக்கமாகவே வர வேண்டும். வெளியே மடித்தால் கம்பி உதட்டையும் தாண்டி நீட்டி, பெட்டிச் சுவரில் உரசும்.

மூடித் தகடுகளில் வட்ட வரிகள் அழுத்தியிருப்பதால் மடிப்பது சிரமம். அவற்றை 8 மி.மீ கீழே இறக்கி வெட்டி, அரத்தால் முனை மழுக்கி, சிறிய ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறிச் செருகினால் போதும்.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று, டிராயரின் அடி. உதடு இங்கேயும் கீழே நீட்டிக்கொண்டிருப்பதால் தொட்டி அதன் இரண்டு முனைகளில் மட்டுமே நிற்கும், நடுவயிறு அந்தரத்தில் தொங்கும். ஐந்து கிலோ போட்டதும் அடி தொய்யும். வெளியே இழுக்கும்போது முன் உதடு, டிராயர் உட்காரும் பெட்டித் தட்டின் விளிம்பைத் தாண்டியதும் டிராயர் ‘டக்’கென்று 3 மி.மீ கீழே விழும். திரும்ப உள்ளே தள்ளினால் அதே உதடு தட்டின் முனையில் முட்டிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு முறையும் தூக்கிவிட வேண்டும். இதற்கு மருந்து சுலபம்: 20 மி.மீ அகலம், 3 மி.மீ தடிமன் உள்ள அலுமினியப் பட்டை இரண்டு, இரண்டு உதடுகளுக்கும் இடையே நீளவாக்கில். டின்னின் மூலை வளைவாக இருக்கும், எனவே பட்டையை ஓரத்திலிருந்து 30 மி.மீ தள்ளிச் சமதளத்தில் வையுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் 3.2 x 8 மி.மீ பாப் ரிவெட் (ஒரு பக்கமிருந்தே துப்பாக்கியால் இழுத்து அடிக்கும் ரிவெட்) நாலு. துளை 3.3 மி.மீ. ரிவெட் தலை சாய்வுத் தலையாக இருக்கட்டும், பட்டையில் பள்ளம் எடுத்துக் கீழிருந்து மேலாக அடியுங்கள், அப்போதுதான் தலை தட்டில் கீறாது. உள்ளே வரும் வால் பக்கம் வாஷர் கண்டிப்பாக வேண்டும். வாஷர் இல்லாமல் அடித்தால் வால் விரியும்போதே தகரத்தைக் கிழித்துக்கொண்டு போகும். பட்டையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் டிராயர் வழுக்கும்.

டெலஸ்கோப்பிக் சேனல் (டிராயரின் இருபுறமும் மாட்டும் நீளும் தண்டவாளம்) போட்டால் என்ன என்று தோன்றும். சேனலின் ஸ்க்ரூ 0.3 மி.மீ தகரத்தில் நிற்காது. உள்ளே பிளைவுட் கொடுத்துப் போடலாம்தான், ஆனால் ஒரு டிராயருக்கு அகலத்தில் 25 மி.மீ வரை சேனலுக்கே போய்விடும். இந்த அளவு டிராயருக்கு அது தேவையில்லாத ஆடம்பரம்.

பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தி, ஒவ்வொன்றிலும் நாலு டிராயர். அதற்கு 12 மி.மீ பிளைவுட். மேல்பலகை, கீழ்ப்பலகை 552 x 360 இரண்டு, நிற்கும் பலகை 499 x 360 மூன்று, முதுகுக்கு 6 மி.மீ பிளைவுட் 552 x 523. தட்டுகள் 9 மி.மீ பிளைவுட், 258 x 350, ஆறு. தட்டைத் தாங்க 6 மி.மீ பிளைவுட்டில் 118 x 350 அளவுள்ள உள்சுவர்த் துண்டுகள் பதினாறு. பள்ளம் எடுக்கும் வேலையே இதில் கிடையாது. நிற்கும் பலகையில் கீழ்த் துண்டைப் பசையிட்டு ஒட்டி, அதன் தலையில் தட்டை உட்காரவைத்து, அதற்கு மேல் அடுத்த துண்டு. இப்படியே நாலு வரிசை ஏறினால் இடைவெளி தானாகச் சமமாக வந்துவிடும். துண்டுகள் போக நடுவே கிடைக்கும் திறப்பு 246 மி.மீ, அதாவது 240 அகல டிராயருக்கு இருபுறமும் 3 மி.மீ. உயரத்தில் டிராயர் 112, திறப்பு 118. முதுகுப் பலகை அடிக்கும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் சுமார் 760 மி.மீ வர வேண்டும். 3 மி.மீ வித்தியாசம் இருந்தால்கூட ஒரு பத்தி டிராயர்கள் மாட்டும்.

முன்முகத்துக்கு 9 மி.மீ பிளைவுட், 264 x 123. அடிமூடி உதட்டைவிடச் சில மி.மீ உள்ளே அமுங்கியிருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு துண்டு வைக்காமல் கைப்பிடி போல்ட்டை இறுக்கினால் தகரம் உள்ளே குழிந்து, முகப்பலகை ஆடும். உள்பக்கம் 6 மி.மீ பிளைவுட், நடுவில் தகரம், பள்ளத்தில் நிரப்புத் துண்டு, வெளியே முகப்பலகை. இத்தனையையும் சேர்த்து எம்4 (4 மி.மீ விட்ட) போல்ட் 30 மி.மீ நீளத்தில் இரண்டு.

வெட்டிய இடத்தில்தான் துரு தொடங்கும், அங்கே வெள்ளீயப் பூச்சு இல்லை, வெறும் இரும்பு. 220 நம்பர் எமரி தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை. வெளிப்பக்க அச்சைச் சுரண்டி எடுக்காதீர்கள், அதுவே நல்ல பாதுகாப்பு. மினுமினுப்பு போகும்படி தேய்த்தால் போதும். உள்ளே விரிக்க ரப்பர் ஷீட் சரி. துணி, ஸ்பாஞ்ச் இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கருவியையும் டின்னையும் சேர்த்து அரிக்கும்.

ஒரு டிராயரின் கொள்ளளவு சுமார் 9 லிட்டர். நட்டு, போல்ட்டை முட்ட முட்ட நிரப்பினால் 20 கிலோவைத் தாண்டிவிடும். 8 கிலோவோடு நிறுத்துங்கள். கனமானவை கீழ் வரிசைக்கு. மேல் டிராயர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் முழுக்க இழுத்தால் பெட்டி முன்னால் கவிழும், ஆகவே மேல்பலகைக்குக் கீழே முதுகு வழியாக இரண்டு ஆங்கர் போல்ட்டால் சுவரோடு பிடித்துவிடுங்கள். சில்லறைச் சாமான்களுக்குச் சிறிய சதுர டப்பாக்களை டிராயருக்குள் இறக்கலாம். வட்ட டப்பா வேண்டாம், இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும், அந்தச் சந்துகளில்தான் 4 மி.மீ நட்டெல்லாம் போய் ஒளிந்துகொள்ளும்.