களிம்பா, ஊசியா: தேவகோட்டைத் தம்பிக்கு

தம்பி, இரண்டு வருடமாகக் களிம்பு தடவியும் முழங்கையிலும் முதுகிலும் சொரியாசிஸ் செதில் குறையவில்லை, டாக்டர் ஊசி என்கிறார், பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடியில் எங்கள் அப்பச்சிக்கும் இந்தத் தோல் நோய்தான். பயம் புரிகிறது.

செதில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கையாலேயே அளக்கலாம்: விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். இரண்டு மூன்று கை அளவுதான் என்றால் கால்சிபோட்ரியால் (வைட்டமின் D வகை மருந்து), ஸ்டீராய்டு களிம்புகளே பெரும்பாலும் போதும். 10 கைக்கு மேல் போனால் தடவி மாளாது. ஸ்டீராய்டை நெடுநாள் தடவினால் தோலும் மெலியும்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது: காலையில் விரலை மடக்க முடியவில்லை என்பது. நோய் மூட்டுக்குப் போயிருக்கலாம். களிம்பு அங்கே எட்டாது. கவனிக்காமல் விட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெடலாம். முதலில் இதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசிகளில், மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து விலை குறைவு, வாரம் ஒருமுறை மட்டுமே. ரத்தம், கல்லீரல் பரிசோதனை தவறக் கூடாது, மதுவும் ஆகாது. செக்குகினுமாப் போன்ற உயிரியல் மருந்து ஊசிகள் முதலில் வாராவாரம், அப்புறம் மாதம் ஒருமுறை. விலை அதிகம். தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.

ஊசி போட்டால் களிம்பை அடியோடு விட வேண்டும் என்றில்லை. அப்பச்சி இன்னும் தலைக்குத் தடவுகிறார்.