மான் விரிப்பும் யானை விளக்கும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மட்டக்களப்புக்கு அருகே ஆரையம்பதியில் வசிக்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எனக்குத் திருமணமானபோது, எங்கள் ஊர் வழக்கப்படி அம்மா தாம் குடியிருந்த வீட்டை எனக்குச் சீதனமாக எழுதித் தந்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் கட்டிய சிறிய வீட்டுக்குப் போய்விட்டார். காவி போட்ட சிவப்புச் சீமெந்துத் தரை, முதிரை மரக் கதவுகள், மண்டபச் சுவரில் வரிசையாகப் பெரியவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள், குத்துவிளக்கு, வெற்றிலை வட்டா, கண்ணாடி அலுமாரி, மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த மான் படம் போட்ட வெல்வெட் விரிப்பு என்று எல்லாமே அம்மா வைத்தபடி இருக்கின்றன. வீடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பிள்ளைகள் இருவரும் மண்டபத்துக்குள் வந்தால், கோயிலுக்குள் வந்தவர்களைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டுக்குக் கொஞ்சம் குறும்பைச் சேர்க்க ஆசைப்படுகிறேன். சுவரில் ஸ்டிக்கர் ஒட்டலாமா, மஞ்சள் கதிரை ஒன்று போடலாமா என்று கேட்டதற்கு, "நம்மட வீட்டை விளையாட்டுச் சாமான் கடையாக்கப் போறியா புள்ள?" என்று அம்மா கேட்டுவிட்டார். மரபைக் கெடுக்காமல் இதைச் செய்ய வழி உண்டா? எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்?

த., ஆரையம்பதி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டு வந்தவன், மான் விரிப்பு என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் பெட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்த அந்த விரிப்புகளில் நிற்கும் மானுக்கும் நம் காட்டு மானுக்கும் எந்த உறவும் இல்லை. பின்னால் பனிமலை, பக்கத்தில் ஊசியிலை மரம், முன்னால் ஓர் ஓடை. குத்துவிளக்கும் வெற்றிலை வட்டாவும் இருந்த மண்டபத்தில் அது முதன்முதலாக ஆணியில் ஏறிய நாளில் உங்கள் அம்மம்மா என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் எதுவும் சொல்லாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன். இன்று நீங்கள் அதை மரபுப் பொருள்களின் பட்டியலில், வட்டாவுக்கும் அலுமாரிக்கும் பின்னால், சிறிதும் தயங்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

நம் பகுதியில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. கொடுத்த தாய் தூரத்துக்குப் போவதுமில்லை. அதே வளவில், கூப்பிடு தொலைவில், தாம் கொடுத்த வீட்டின் முற்றத்தைப் பார்த்தபடி இருக்கிறார். ஆகவே இந்த ஊர்களில் ஒரு வீட்டை மாற்றுவது என்பது வெறும் அலங்கார விடயம் அன்று. ஒரு பெண் தன் தாயின் கண்ணெதிரே அவருடைய கையொழுங்கை மாற்றுகிறாள். உங்கள் அம்மாவின் கேள்வியில் இருந்த கோபம் ஸ்டிக்கர் மீதான கோபம் மட்டுமாக இருக்க முடியாது. இதை நீங்களும் அறிவீர்கள். அறிந்ததனால்தான் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

மரபும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுவோம். கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் குளிர்த்திச் சடங்கு செய்து, வாய் பொத்தி நின்று அவள் கதையைப் பாடும் வழக்குரையைக் கேட்ட இதே ஊர்கள்தாம், அதே அம்மனின் பெயரால் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கொம்புகளைக் கொளுவி இழுத்து, தோற்ற பக்கத்தாரை வசைப்பாட்டில் கிண்டல் செய்து கொம்பு விளையாடின. மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் செய்த சடங்கின் பெயரே விளையாட்டு. நம் முன்னோர் கையைக் கட்டிக்கொண்டு மட்டும் நின்றவர்கள் அல்லர்.

அவர்களுடைய பொருள்களைப் பார்த்தாலும் இது தெரியும். பழைய பாக்குவெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள்; கிளியாகவும் குதிரையாகவும் பெண்ணுருவாகவும் வார்த்திருப்பார்கள். பாக்கை வைத்து அழுத்தும்போது கிளி வாய் மூடுவது போலிருக்கும். என் பாட்டியின் திருவலை ஆமை வடிவில் இருந்தது. ஆமையின் முதுகில் அவர் உட்கார, நீட்டிய கழுத்தின் முனையில் தேங்காய் திருவும் பல் இருந்தது. அதைச் செய்த ஓடாவி யார் என்று எனக்குத் தெரியாது; ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அவர் சிரித்தபடி வேலை செய்தார் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வியப்பது தெதிகம யானை விளக்கை. தெதிகமவிலுள்ள கொட்டவெஹெர என்னும் பௌத்தத் தூபியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கலத் தொங்கு விளக்கு அது. வட்டத் தட்டின் நடுவே ஒரு யானை நிற்கிறது. அதன் வயிறே எண்ணெய்க் கலம். திரி எரிந்து தட்டில் எண்ணெய் மட்டம் இறங்கினால், மூடியிருந்த துளை வெளிப்பட்டு யானையின் உடலுக்குள் காற்றுப் புகும். காற்றுப் புகுந்த அளவுக்கு எண்ணெய் வெளியேறித் தட்டில் வடியும். மட்டம் உயர்ந்து துளையை மறுபடி மூடியதும் வடிதல் தானாக நின்றுவிடும். கவனமான பொறியியல். ஆனால் அந்த எண்ணெய் துதிக்கை வழியாக வருவதில்லை. யானை சிறுநீர் கழிப்பது போல, அந்த இடத்திலிருந்தே வருகிறது. காற்றழுத்தத்தின் கணக்கை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஒரு கம்மியர், தூபிக்குரிய விளக்கில், எல்லாரும் ஒரு கணம் வாயைப் பொத்திச் சிரிக்கும்படி செய்திருக்கிறார்.

பாக்குவெட்டி, திருவலை, விளக்கு ஆகிய மூன்றிலும் குறும்பு ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். வேலை செய்யாத குறும்பு வீட்டில் விருந்தாளி; மூன்றாம் நாள் அலுத்துவிடும். தினமும் கையால் தொட்டுப் புழங்கும் பொருளில் உள்ள குறும்பு வீட்டு ஆளாகிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் பொருளுக்கும் இதே நியதிதான். குருநாகலுக்கு அருகிலுள்ள ரிதி விகாரையில், சயனப் புத்தரின் பீடத்தில், விவிலியக் காட்சிகள் தீட்டிய ஒல்லாந்து நாட்டு நீல வெள்ளை ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள். அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் அந்நியமாகத் தெரிந்திருக்கும். பீடத்தை மூடும் ஓடாக அவை வேலை செய்வதால் அங்கேயே ஒட்டிக்கொண்டன.

ஸ்டிக்கர் வேண்டாம் என்று நான் சொல்வது அழகு பற்றியது அன்று, அனுபவம் பற்றியது. என் மகள் சிறியவளாக இருந்தபோது கொழும்பில் ஒரு கடையில் மரமும் குரங்குகளுமாக ஒரு பெரிய ஸ்டிக்கரும், அதனோடு பொருந்தும் பலகைத் தட்டு ஒன்றும் வாங்கி வந்தேன். மார்கழி மழையில் சுவர் ஈரம் கோத்து ஸ்டிக்கரின் ஓரங்கள் கிளம்பின. இழுத்தபோது குரங்குகளோடு சுவரின் பூச்சும் உரிந்து வந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த அந்தத் தட்டு, தை பிறக்குமுன் பாணைப் போல ஊதிவிட்டது. கடலும் வாவியும் இருபுறமும் உள்ள நம் ஊர்களில் அந்தப் பொருள்கள் நிலைக்கமாட்டா. முதிரைக் கதவுகள் எத்தனை மாரியைக் கண்டவை என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். கச்சான் காற்றுக் காலத்தில் உங்கள் மண்டபக் கதவு படீரென்று அடிக்குமா? அடிக்காத வீடு நம் பகுதியில் குறைவு. கதவுக்கு ஒரு கல்லையோ செங்கல்லையோதான் அண்டை கொடுத்திருப்பீர்கள். அந்த இடத்தில் ஓர் ஓடாவியிடம் சொல்லி, கழித்துப்போட்ட முதிரைத் துண்டில் ஒரு வாவி நண்டு செய்வியுங்கள். முதிரை கனமான மரம், கதவு அசையாது. ஒரு கொடுக்குப் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கட்டும். மீனுக்குப் பதிலாக நண்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பில் பாடும் மீன் ஏறாத பெயர்ப்பலகையும் சுவர்க்கடிகாரமும் இல்லை. அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம். புத்தகப் பைகளுக்கும் குடைகளுக்கும் பிள்ளைகளின் தோளுயரத்தில் பித்தளைக் கொளுக்கிகள் போடுவதானால், அவை கொக்கின் வளைந்த கழுத்தாக இருக்கலாம். உப்புக் காற்றில் பித்தளை களிம்பேறும். மாதம் ஒரு முறை பழப்புளி போட்டுத் தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு அந்த மண்டபத்தில் ஒரு வேலை கிடைக்கும்.

கண்ணாடி அலுமாரியின் பின்பலகையை ஒரு முறை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் அளவுக்கு மெல்லிய பலகை ஒன்றை அறுத்து, மருதமுனைக் கைத்தறித் துணியில் கட்டம் போட்டதாக, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்து, இழுத்துச் சுற்றி ஆணியடித்து உள்ளே நிறுத்துங்கள். பசை வேண்டாம், பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் கழற்றலாம். அலுமாரி யன்னலுக்கு நேரே இருந்தால் துணி இரண்டு ஆண்டில் வெளிறும், மாற்றிக்கொள்ளலாம். சாரத் துணிக்கு முன்னால் அம்மாவின் பீங்கான் கோப்பைகள் நிற்பதைக் கண்டால் அவரே முதலில் சிரிப்பார். மஞ்சள் கதிரை ஆசையையும் கைவிட வேண்டாம், ஆனால் பழைய மரத்துக்கு வண்ணம் பூசிவிடாதீர்கள். பூசிய வண்ணத்தைச் சுரண்டி எடுப்பது பெரும் பாடு. சாய்மனைக் கதிரை ஒன்று இருந்தால் அதன் துணியை மட்டும் மஞ்சளாக்குங்கள்.

படங்களின் வரிசையில் கை வைக்க வேண்டாம். அவர்கள் ஸ்டூடியோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். அவர்களை வைத்துக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. அதற்குப் பதிலாக, எல்லார் வீட்டிலும் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் கெட்டுப்போன படம் ஒன்றைத் தேடுங்கள். கல்யாணப் படத்தில் குறுக்கே ஆடு புகுந்தது, மாமா தும்மியது, யாரோ ஒருவர் தலை வெட்டுப்பட்டது என்று ஏதாவது கிடைக்கும். அதைப் பெரியவர்களின் படங்களுக்கு இட்ட அதே கறுப்புச் சட்டத்தில், அதே மரியாதையோடு போட்டு, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் மாட்டுங்கள். வருகிற பெரியவர்களின் கண்ணில் அது படாது. மண்டபத்தில் தங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இடம் இருப்பது பிள்ளைகளுக்குப் போதும்.

குறும்பைக் கேட்டு வாங்குவதிலும் ஓர் எல்லை உண்டு என்பதை நான் ஒரு பன்பாய்க்காரம்மாவிடம் கற்றேன். அக்கரைப்பற்றுப் பக்கத்தில், சாயமிட்ட பன் புல்லில் கட்டம் கட்டமாகப் பின்னும் அவரிடம், ஒரு மூலையில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் வேண்டுமென்றே பிழையாகப் பின்னித் தரும்படி கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புழ வெச்சிப் பின்ன என்ட கை விடாது தம்பி" என்று சொல்லிவிட்டு, அந்த மூலையில் யாரும் கேட்காமலே ஒரு சிறிய கோழிக்குஞ்சைப் பின்னிக் கொடுத்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. தேர்ந்த கைக்குக் குறும்பு செய்யத் தெரியும், பிழை செய்யத்தான் தெரியாது. ஆகவே ஓடாவியிடம் போகும்போது நண்டு என்று மட்டும் சொல்லுங்கள். படம் கீறிக் கொடுக்காதீர்கள்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். கூத்துக் களரியில் கட்டியகாரன் அரசனுக்கு முன்னே வந்து சிரிப்பு மூட்டுவான். ஆனால் ஒரு களரிக்கு ஒரு கட்டியகாரன்தான். மேலே சொன்னவை எல்லாம் நீங்கள் தேர்ந்தெடுப்பதற்கே; ஓர் அறைக்கு ஒன்று போதும். இரண்டாவது வந்ததும் முதலாவது மங்கிவிடும், மூன்றாவது வந்தால் உங்கள் அம்மா சொன்ன கடைதான். சாமியறைக்குள் எதுவும் வேண்டாம். தூபிக்கே யானை போயிருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த விளக்கை வார்த்தவரைப் போல ஒருவர் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மான் விரிப்பைக் கழற்றிவிட வேண்டாம். அது அந்த மண்டபத்தின் முதல் குறும்பு. வைத்தவருக்கு இப்போது அது நினைவில்லை, அவ்வளவே. அலுமாரிக்குத் துணி எடுக்க மருதமுனைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், நிறத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அவர் எடுக்கும் நிறம் நீங்கள் எடுக்கத் துணியாததாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எதுவானாலும் ஐப்பசிக்கு முன் செய்துவிடுங்கள். மாரி பிடித்துவிட்டால் நண்டுக்குப் பூசும் வார்னிஷ் தைப்பொங்கல் வரை காயாது.

அன்புடன்.