குறைந்த விலை கொடுத்தும் கவுன்சில் டெண்டர் கிடைக்கவில்லையே, ஏன்?

பிரிட்டனில் வீடு பழுதுபார்ப்பு, பராமரிப்பு, துப்புரவுத் தொழில் செய்யும் வாசகர்கள் சிலர் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், வாடகைக்கு விடும் வீடுகளின் வேலைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான்.

கேள்வி: நானும் தம்பியும் இன்னும் மூன்று பேருமாகப் பிளாஸ்டரிங், பெயின்டிங், பிளம்பிங் வேலை செய்கிறோம். எட்டு வருடமாகத் தனியார் வீட்டுக்காரர்களும் லெட்டிங் ஏஜென்ட்களும்தான் எங்களுக்கு வேலை தருகிறார்கள். கவுன்சில் வீடுகளின் பழுதுபார்ப்பு டெண்டருக்கு மூன்று தடவை போட்டோம், மூன்றும் கைநழுவிப் போய்விட்டது. எங்களை விடக் குறைந்த விலையை யாரும் கொடுத்திருக்க முடியாது. உள்ளே ஆள் தெரிந்தால்தான் கிடைக்குமா? (ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. பகல் முழுக்க ஏணியில் நின்றுவிட்டு, ராத்திரி சாப்பிட்ட கையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து டெண்டர் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே ஆள் வேண்டும் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். அதை நம்பிவிட்டால் மார்க் எங்கே போனது என்று தேடவே மாட்டீர்கள்.

தோற்ற டெண்டர்களுக்குக் கவுன்சில் அனுப்பிய மதிப்பீட்டுச் சுருக்கத்தைப் படித்தீர்களா? 2023ஆம் ஆண்டுக் கொள்முதல் சட்டம் 2025 பிப்ரவரி 24 முதல் நடைமுறையில் இருக்கிறது (ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம்). பெரிய மதிப்புள்ள ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் உங்களுக்கு எத்தனை மார்க், ஏன் அவ்வளவு, ஜெயித்தவருக்கு எவ்வளவு என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். சின்ன ஒப்பந்தத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, இருந்தாலும் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம் அந்த விலை. கவுன்சில் விலைக்கு இவ்வளவு மார்க், தரத்துக்கு இவ்வளவு மார்க் என்று பிரித்து முன்கூட்டியே டெண்டர் தாளில் போட்டிருக்கும். தரம் என்றால் நீங்கள் சுவரை எப்படிப் பூசுகிறீர்கள் என்பதை அவர்கள் வந்து பார்க்கப் போவதில்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் படிப்பார்கள். எழுத்தில் இல்லாத வேலைக்கு மார்க் இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் கூட இருந்து எழுதிய முதல் டெண்டரில் ஒரு கேள்வி: "வீட்டில் ஈரமும் பூஞ்சையும் இருப்பதாகக் குடியிருப்பவர் புகார் செய்தால் என்ன செய்வீர்கள்?" நாங்கள் எழுதியது: "எங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு, உயர்ந்த தரத்தில் உடனடியாகச் சரிசெய்வோம்." ஐந்துக்கு இரண்டு மார்க். அடுத்த தடவை அதே மாதிரிக் கேள்விக்கு நடப்பதை நடப்பதுபோலவே எழுதினோம். போனை யார் எடுப்பார், வீட்டில் கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருக்கிறார்களா என்று எப்போது கேட்பார், ஈரமானியை எந்தெந்த இடத்தில் வைத்துப் பார்ப்போம், குளியலறை விசிறி ஓடுகிறதா என்று ஒரு டிஷ்யூ தாளை அதன் முன்னால் பிடித்துச் சோதிப்போம், தேதியோடு படம் எடுப்போம், பூஞ்சையைத் துடைத்துவிட்டுப் போகாமல் அது ஏன் வந்தது என்று எழுதி வைப்போம், சில வாரம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்ப்போம். அதற்கு ஐந்துக்கு ஐந்து. செய்த வேலையில் எந்த மாற்றமும் இல்லை, முன்பும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம்.

இந்தக் கேள்வி இப்போது இங்கிலாந்தில் எங்கே போனாலும் வரும். ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டில் நெடுநாள் இருந்த பூஞ்சையால் 2020 டிசம்பரில் இறந்து போனான். அவன் பெயரிலேயே அழைக்கப்படும் சட்டத்தின் முதல் கட்டம் 2025 அக்டோபர் 27 முதல் அமலில் இருக்கிறது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்துள்ள அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் ஆய்வு, ஆய்வு முடிந்து 5 வேலை நாளுக்குள் இடத்தைப் பாதுகாப்பாக்க வேண்டும். இந்தக் கெடு கவுன்சிலின் கழுத்தில் இருக்கிறது, அவர்களுக்குச் சொன்ன நேரத்தில் வருகிற ஆள் வேண்டும். நான்கு தெரு தள்ளி இருக்கும் ஐந்து பேர் கொண்ட உங்கள் குழுவால் அது முடியும் என்றால், எப்படி முடியும் என்பதை மணிக்கணக்கோடு எழுதுங்கள்.

விலையை ரொம்பவும் குறைக்காதீர்கள். பழுதுபார்ப்பு டெண்டர்களில் பெரும்பாலும் ஒவ்வொரு வேலைக்கும் விலை அச்சிட்ட பட்டியல் ஒன்று இருக்கும், அதிலிருந்து எத்தனை சதவீதம் கூட, எத்தனை குறைய என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் மைனஸ் போட்டுவிட்டு, ஒரு குழாய் வாஷருக்காக ஊரின் மறுகோடிக்கு வேன் ஓட்டி, பார்க்கிங்குக்குக் கைக்காசு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டுப்படியாகாத விலை என்று தோன்றினால் கவுன்சிலே விளக்கம் கேட்டு, திருப்தி இல்லையென்றால் ஒதுக்கிவிடவும் முடியும்.

கேள்வி: ஆடிட் செய்த கணக்கு, கோடிக்கணக்கில் இன்சூரன்ஸ் எல்லாம் கேட்பார்கள் என்று பயந்து டெண்டர் பக்கமே போகவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பயம் பாதி பழைய கதை. புதிய சட்டப்படி, ஆடிட் கட்டாயம் இல்லாத சின்னக் கம்பெனியிடம் ஆடிட் செய்த கணக்குதான் வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. அந்த ஒப்பந்தத்துக்கான இன்சூரன்ஸை ஒப்பந்தம் கைக்கு வருவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்கக் கூடாது, கிடைத்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் போதும். ஆனால் ஆட்களை வேலைக்கு வைத்திருந்தால் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு முதலாளி பொறுப்புக் காப்பீடு எப்போதும் இருந்தாக வேண்டும், அது வேறு சட்டம்.

ஃபைண்ட் எ டெண்டர் என்ற அரசுத் தளத்தில் பதிந்துகொள்ளுங்கள், இலவசம்தான், கம்பெனி விவரத்தை ஒரே தடவை நிரப்பினால் போதும். வேல்ஸில் இருந்தால் செல்2வேல்ஸ் தளத்தையும் பாருங்கள். பொதுவில் விளம்பரம் செய்யாத சின்ன வேலைகளுக்குக் கவுன்சில் தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு முடித்துக்கொள்வதுண்டு. அதனால் உங்கள் கவுன்சிலின் கொள்முதல் பிரிவுக்கு எழுதி, அந்தப் பட்டியலில் சேர வழி கேளுங்கள். காஸ் வேலைக்குக் காஸ் சேஃப் பதிவு, 2000க்கு முந்தைய கட்டடங்களில் கை வைக்கிறவர்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் பயிற்சி, சாஸ் மாதிரி ஒரு பாதுகாப்புச் சான்று, இவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். டெண்டர் வந்த பிறகு ஓடினால் தேதி முடிந்துவிடும்.

கேள்வி: பெரிய கம்பெனிக்குக் கீழே சப் காண்ட்ராக்ட் எடுப்பது நல்லதா?

பதில்: முதல் இரண்டு வருடத்துக்கு நல்லது, கவுன்சில் வேலை செய்ததற்கு ஆதாரம் கிடைக்கும். இங்கிலாந்தில் கவுன்சில்கள் 500 பவுண்டுக்கு மேற்பட்ட செலவுகளைத் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். அதைத் திறந்து வீட்டுப் பராமரிப்புக்கு யாருக்குப் பணம் போகிறது என்று பாருங்கள், நீங்கள் போன் செய்ய வேண்டியது அந்தக் கம்பெனிகளுக்குத்தான்.

பண ஓட்டத்தைக் கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கட்டுமான வரித் திட்டத்தில் (CIS) பதிந்திருந்தால் கூலியில் 20 சதவீதம் பிடிப்பார்கள், பதியாவிட்டால் 30. 2021 மார்ச்சிலிருந்து இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாட் வரியும் உங்கள் கைக்கு வராது, மேலே இருக்கிற கம்பெனியே கணக்குக் காட்டிவிடும். அந்தப் பணத்தைச் சுழற்றிச் சாமான் வாங்கிப் பழகியவர்கள் திண்டாடிவிடுவார்கள். கவுன்சில் 30 நாளில் பணம் தர வேண்டும் என்று ஒரு விதி உண்டு, மேலே இருக்கிற கம்பெனி சப் காண்ட்ராக்டருக்குத் தருவதற்கும் அது பொருந்தும், பில் போடும்போது அதை எழுதியே போடுங்கள்.

கேள்வி: அடுக்குமாடிப் படிக்கட்டு, நடைபாதை சுத்தம் செய்யும் கம்பெனி நடத்துகிறேன். ஏற்கெனவே அங்கே ஒரு கம்பெனி இருக்கிறது. அடுத்த டெண்டரில் நான் ஜெயித்தால் என் ஆட்களை அனுப்பினால் போதும்தானே? (லெஸ்டரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சகோதரி, போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்லதாயிற்று. துப்புரவு ஒப்பந்தம் கைமாறும்போது, அந்த இடத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட குழு வேலை பார்த்திருந்தால், டூபி (TUPE) எனப்படும் விதிகளின்படி பெரும்பாலும் அந்தப் பழைய ஊழியர்கள் அதே சம்பளம், அதே விடுமுறை, பழைய சர்வீஸ் எல்லாவற்றோடும் உங்களிடம் வந்துவிடுவார்கள். அது நியாயமும்கூட, பத்து வருடமாக அந்தப் படிக்கட்டைத் துடைத்தவர் முதலாளி மாறியதற்காக வேலை இழக்கக் கூடாது. ஆனால் உங்கள் ஆட்களின் கூலியை வைத்து விலை போட்டிருந்தால் முதல் மாதமே நஷ்டம். டெண்டரில் கேள்வி கேட்கக் கொடுத்திருக்கும் கடைசித் தேதிக்குள், இப்போது எத்தனை பேர், வாரம் எத்தனை மணி, மணிக்கு என்ன கூலி, எத்தனை வருட சர்வீஸ் என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் இல்லாமல் ஒரு பட்டியல் தருவார்கள். அது கைக்கு வந்த பிறகு விலையை நிரப்புங்கள்.