அறுபது வளர்ப்பையும் லூப்பால் வைக்க வேண்டாம்

கேள்வி: வலிகாமத்துக் கிணறுகளில் இருந்து பிரித்தெடுத்த 60 ஈ.கோலை பக்ரீரியா வளர்ப்புகள் என்னிடம் உள்ளன. சிப்ரோஃப்ளொக்சசின் என்ற அன்ரிபயோற்றிக் கலந்த அகர் தட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு) பார்க்க வேண்டும். லூப்பால் (கம்பி வளையத்தால்) ஒவ்வொன்றாக வைத்து ஒரு நாளில் முடிக்க முடியவில்லை. பல வளர்ப்பை ஒரே அழுத்தலில் தட்டில் வைக்கும் ஊசிக் கட்டை (ரெப்ளிகேற்றர்) வாங்கப் பணம் இல்லை. இங்கேயே செய்விக்கலாமா? (ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்)

செய்விக்கலாம், தங்கச்சி. செய்விக்கத்தான் வேண்டும். பத்துச் செறிவுத் தட்டு, மருந்தில்லாத தட்டு இரண்டு என்று வைத்தால், 60 வளர்ப்புக்கு 720 புள்ளி வருகிறது. கை நோவதை விடுங்கள், இதில் பெரிய சிக்கல் நேரம்தான். பக்ரீரியாவைக் கலந்து கலங்கலைச் சரிசெய்த திரவத்தை அரை மணிக்குள் தட்டில் வைத்துவிட வேண்டும். நம் ஊர் வெக்கையில் மேசையிலேயே விட்டால் பக்ரீரியா பெருகிக்கொண்டே போகும். காலையில் வைத்த புள்ளிக்கும் பின்னேரம் வைத்த புள்ளிக்கும் ஒரே கணக்கு இருக்காது.

ஊசிக் கட்டையை அகர் தட்டில் அழுத்தும் இந்த முறையை ஸ்டீயர்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 1959 இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1952 இல், லெடர்பேர்க் தம்பதியர் வெல்வெட் துணியால் கொலனிகளைப் பிரதி எடுத்தார்கள். யாராவது உங்களுக்கு வெல்வெட்டைச் சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள். எந்தக் கொலனி எங்கே இருந்தது என்று பார்க்க அது நல்லது. எம்.ஐ.சி.க்குத் தேவை அளவு, அதைத் துணி தராது.

96 ஊசிக் கட்டையும் வேண்டாம். அதன் ஊசிகள் 9 மி.மீ. இடைவெளியில் 8 வரிசை, 12 நிரலாக நிற்கும். உங்கள் 90 மி.மீ. வட்டத் தட்டுக்குள் அது அடங்காது. ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு நான்கு மூலையையும் விட்டால் 32 ஊசி, இடைவெளி 12 மி.மீ. 30 இடம் உங்கள் வளர்ப்புக்கு, ஒன்று ஏரிசிசி 25922 என்ற கட்டுப்பாட்டு ஈ.கோலைக்கு, ஒன்று வெறும் கிருமிநீக்கிய புரொத்துக்கு (வளர்ப்புத் திரவத்துக்கு). அந்தக் கடைசி இடத்தில் ஏதாவது முளைத்தால் பக்கத்துக் குழியில் இருந்து தெறித்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கட்டை இருந்தால் 60 உம் முடிந்தது. கட்டைக்கு 12 அழுத்தல், மொத்தம் 24.

லேத் பட்டறையில் கொடுக்கும்போது மூன்று விடயத்தைக் கறாராகச் சொல்லுங்கள். ஊசி 3 மி.மீ. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கம்பியாக இருக்க வேண்டும், நுனி கூராக அல்ல, தட்டையாக. துளைக்குள் ஊசி இறுக்கமில்லாமல் மேலும் கீழும் ஓட வேண்டும். அகர் மேற்பரப்பு ஒருபோதும் சரிமட்டமாக இராது, ஒவ்வொரு ஊசியும் தன் பாரத்தில் தானே இறங்கி உட்கார வேண்டும். அதே இடைவெளியில் குழி வெட்டிய கட்டை ஒன்றும் வேண்டும், திரவம் ஊற்ற.

செய்து வந்ததும் ஊசிகளைச் சவர்க்கார நீரில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். பட்டறை எண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் துளி நிற்காது. பிறகு குழிகளில் மை கலந்த நீர் ஊற்றி, ஊசியைத் தோய்த்து, வடிதாளில் அழுத்துங்கள். 32 வட்டமும் ஒரே பருமனில் வர வேண்டும். பிறை மாதிரி வந்த இடத்தில் ஊசி சரிந்திருக்கிறது. அப்புறம் நாலு தசம தராசில் தாளை நிறுத்து, வெறும் நீரால் அழுத்தி, உடனே மறுபடி நிறுங்கள். தட்டையான 3 மி.மீ. நுனி ஏறத்தாழ 2 மைக்ரோலீற்றர் எடுக்கும். ஆகவே 32 ஊசிக்கு 64 மில்லிகிராம் அளவில் கூட வேண்டும்.

அந்த 2 மைக்ரோலீற்றரில்தான் மற்றக் கணக்கெல்லாம் நிற்கிறது. 0.5 மக்ஃபார்லண்ட் (கலங்கலை ஒப்பிடும் நியம அளவு) கலங்கலில் மில்லிலீற்றருக்கு 10 முதல் 20 கோடி உயிரணு. அதைப் பத்து மடங்கு ஐதாக்கினால், புள்ளிக்குத் தேவையான 10,000 அளவில் கிடைக்கும்.

செறிவுத் தொடரை 0.004 இல் தொடங்கி 2 மி.கி./லீற்றர் வரை இரட்டித்துப் போங்கள். 25922 இன் எம்.ஐ.சி. 0.004 க்கும் 0.016 க்கும் இடையில் விழ வேண்டும். பலர் 0.25 இல் தொடங்குகிறார்கள். கட்டுப்பாடு எந்தத் தட்டிலும் வளராது, மருந்தைச் சரியாக நிறுத்தோமா என்று பிறகு சொல்ல வழியே இல்லை.

தட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்த கையோடு அழுத்தாதீர்கள். மேலே வியர்த்திருக்கும் நீரில் புள்ளிகள் ஓடிக் கலந்துவிடும். மூடியைச் சற்றுத் திறந்து உலரவிடுங்கள், ஃபானை நிறுத்திவிட்டு. தட்டின் விளிம்பிலும் கட்டையிலும் ஒரே பக்கத்தில் அடையாளம் வையுங்கள். ஒருமுறை நான் ஒரு தொகுதியைத் தலைகீழாக அழுத்திவிட்டு, அடுத்த நாள் எது எதுவென்று தெரியாமல் முழுவதையும் எறிந்தேன்.

முதலில் மருந்தில்லாத தட்டு, பிறகு குறைந்த செறிவில் இருந்து கூடியது வரை, கடைசியில் மறுபடி மருந்தில்லாத தட்டு. ஒவ்வொரு முறையும் தோய்த்தே அழுத்த வேண்டும். ஒரே தொகுதிக்குள் ஊசியைச் சுட வேண்டியதில்லை. அடுத்த 30க்குப் போகும்போது ஒட்டோகிளேவில் வைத்த மற்றக் கட்டையை எடுங்கள். எதனோலில் தோய்த்து 32 ஊசியையும் ஒன்றாகக் கொளுத்த வேண்டாம், எரியும் துளி பாத்திரத்துக்குள் விழுந்தால் மேசையே பற்றும்.

புள்ளி உறிஞ்சியதும் தட்டைக் கவிழ்த்து 35 பாகையில் 16 முதல் 20 மணி வையுங்கள். மின்வெட்டு வந்த இரவென்றால் இன்கியூபேற்றர் வெப்பமானியைப் பார்த்து எழுதி வையுங்கள். ஒற்றைக் கொலனியையும் மெல்லிய மூட்டத்தையும் வளர்ச்சியாக எண்ண வேண்டாம். கடைசி வெறும் தட்டில் 30 இல் எது முளைக்காமல் போனாலும் அந்தத் தொகுதியில் எதையும் குறிக்காமல் மறுபடி செய்யுங்கள்.