'நான்-ரீஃபண்டபிள்' என்று போட்டுவிட்டால் பணம் போயே போச்சா?

கோடை விடுமுறை முடிந்ததும் வந்த கடிதங்களில் ஹோட்டல் ரூம் கேன்சல் பற்றிய புலம்பல்தான் அதிகம். அதனால் இந்த முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

மே மாதம் மூணாறு போக ஒரு ஆப்பில் மூன்று இரவுக்கு ரூம் போட்டு 14,400 ரூபாயை முன்கூட்டியே கட்டிவிட்டேன். அப்பாவுக்குத் திடீரென்று ஆபரேஷன் என்றாகிவிட்டதால் மூன்று வாரம் முன்பே கேன்சல் செய்தேன். ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. ஆப்பில் கேட்டால் 'அது ஹோட்டல் பாலிசி' என்கிறார்கள், ஹோட்டலில் கேட்டால் 'ஆப்பில் கேளுங்க சார்' என்கிறார்கள். நான்-ரீஃபண்டபிள் என்று போட்டிருந்தது உண்மைதான். அப்படியென்றால் கேட்கவே எனக்கு உரிமை இல்லையா?
– வாசகர், திருப்பூர்

கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் முழுப் பணமும் வந்துவிடும் என்று இங்கே எழுதினால் அது உங்களை ஏமாற்றுகிற வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நான்-ரீஃபண்டபிள் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. உங்களுக்கும் ஹோட்டலுக்கும் நடந்த ஒப்பந்தத்தில் அது ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால் மற்றவர் எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகையை எழுதி வைத்திருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டும்தான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு என்பது அதன் சாரம். 2015-ல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்திச் சொன்னது. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனையை ஏலம் விட்டு, ஏலம் எடுத்தவர் கட்டிய முன்பணத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையை அப்புறம் அதைவிடக் கூடுதல் விலைக்கு விற்றது. உனக்கு நஷ்டமே இல்லையே, பிறகு எதற்கு அந்தப் பணம் என்று கேட்டு, திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டது நீதிமன்றம்.

மனையும் ஹோட்டல் ரூமும் ஒன்றில்லைதான், ஆனாலும் உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான்: நான் கேன்சல் செய்த ரூமை அந்த மூன்று நாளும் வேறு யாருக்காவது கொடுத்தீர்களா? மே மாதத்து மூணாறில், மூன்று வாரம் முன்பே காலியான ரூம் சும்மா கிடந்திருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு பேரிடமும் வாடகை வாங்கியிருந்தால் ஹோட்டலுக்கு எங்கே நஷ்டம்? இந்தக் கேள்வியை போனில் கேட்காதீர்கள். மெயிலில் கேளுங்கள். பதில் வந்தாலும் உங்களுக்கு லாபம், வராவிட்டாலும் லாபம், ஏனென்றால் நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தின் முன்னால் அந்த மௌனத்தையே காட்டலாம்.

ஹோட்டல் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அதே ரூமுக்கு கேன்சல் வசதியோடு கூடுதலாக ஒரு விலை காட்டியிருப்பார்கள், நீங்கள் குறைந்த விலையை எடுத்திருப்பீர்கள். அந்தச் சலுகையை அனுபவித்துவிட்டு முழுத் தொகையும் வேண்டும் என்றால், எதிர்த் தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ளும் முதல் பாயின்ட் அதுதான். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தையோ, ஒரு நாள் வாடகையையோ பிடித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள் என்று கேட்பது என் கணக்கில் நியாயமாகவும் இருக்கும், ஜெயிக்கவும் வாய்ப்புண்டு.

இனி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இதில் 2(46) என்ற பிரிவு 'நியாயமற்ற ஒப்பந்தம்' எது என்று சொல்கிறது. ஏற்பட்ட நஷ்டத்துக்குப் பொருந்தாத அளவு அபராதம் போடுகிற ஒப்பந்தமும் அந்தப் பட்டியலில் வருகிறது. படித்தவுடன் நமக்காகவே எழுதியது போல இருக்கும். ஆனால் இதில் ஒரு முடிச்சு: நியாயமற்ற ஒப்பந்தம் என்று புகார் கொடுத்தால் அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, நேராக மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 14,400 ரூபாய்க்கு திருப்பூரிலிருந்து சென்னைக்கு நடையா? வேண்டாம். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற அடிப்படையில் மாவட்ட ஆணையத்திலேயே போடுங்கள், 74-வது பிரிவை வாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆப் கையை விரிக்கிறதே, அதற்கும் ஒரு விதி இருக்கிறது. 2020-ம் வருட மின்வணிக விதிகளின்படி, ஆப் தன்னிஷ்டத்துக்கு ஆர்டரை ரத்து செய்தால் தானும் அதே மாதிரிக் கட்டணம் ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் நம்மிடம் கேன்சல் கட்டணம் வாங்கக் கூடாது. உங்கள் ஆப்பின் நிபந்தனைகளைத் திறந்து, அவர்களே ரத்து செய்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று தேடுங்கள். 'கட்டிய தொகை திருப்பித் தரப்படும்' என்பதோடு நின்றிருந்தால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று அவர்கள் வாதாடுவார்கள், ஆடட்டும், பணம் யார் கணக்குக்குப் போனது என்று உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட் சொல்லும்.

பணம் கட்டிய திரையில் நான்-ரீஃபண்டபிள் என்ற சொல் எங்கே, எப்படி இருந்தது என்பதும் முக்கியம். சம்மதப் பெட்டியில் அவர்களே டிக் போட்டு வைத்திருக்கக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. 2023 நவம்பர் 30-ல் வந்த 'டார்க் பேட்டர்ன்' (ஆன்லைனில் நம்மைத் திசைதிருப்பும் தந்திரம்) வழிகாட்டுதல்களில் 13 தந்திரங்களைத் தடை செய்திருக்கிறார்கள். 'இன்னும் ஒரே ரூம்தான் இருக்கு' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், முக்கியமான தகவலை மங்கலாக வைத்துவிட்டு மற்றதைப் பளிச்சென்று காட்டுவதும் அதில் உண்டு.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஆப்பின் குறைதீர் அதிகாரிக்கும் ஹோட்டலுக்கும் ஒரே மெயில். மருத்துவமனைச் சான்று, கேன்சல் செய்த தேதி, எவ்வளவு கேட்கிறீர்கள் என்பது அதில் இருக்கட்டும். முதல் மெயிலிலேயே கோர்ட், கேஸ் என்று மிரட்ட வேண்டாம். பணத்துக்குப் பதில் வேறு தேதிக்கு மாற்றித் தந்தாலும் சரி என்று ஒரு வரி சேருங்கள், பல ஹோட்டல்கள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடும். குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஹோட்டல் கேரளாவில் இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதுதான் 2019 சட்டத்தின் பெரிய வசதி. கட்டிய பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை நம்பி காலண்டரில் குறித்து வைக்காதீர்கள், இழுக்கும்.

புக் செய்த 24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்தால் ஹோட்டல் முழுப் பணத்தையும் தந்தே ஆக வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?
– வாசகி, தஞ்சாவூர்

இந்தியாவில் ஹோட்டலுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. விமான டிக்கெட்டுக்கு நிபந்தனைகளோடு அப்படி ஒரு சலுகை உண்டு, அதை யாரோ ஹோட்டலுக்கும் சேர்த்து ஃபார்வர்டு செய்துவிட்டார்கள். ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யலாம் என்பதும் அடிக்கடி சுற்றி வருகிறது, குறிப்பிட்ட தேதிக்குப் போடும் தங்குமிடத்துக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு தகவல்: கலிஃபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் நிஜமாகவே 24 மணி நேரச் சட்டம் இருக்கிறது. செக்-இன்னுக்கு 72 மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும்போது புக் செய்திருந்தால், புக்கிங் உறுதியானதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் கேன்சல் செய்யலாம்.

ஊட்டியில் ரூம் போட்டுவிட்டோம், காருக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை. அரசாங்கமே போக விடாதபோது ஹோட்டல் பணத்தைப் பிடிப்பது என்ன நியாயம்?
– வாசகர், சேலம்

கோபம் புரிகிறது, ஆனால் வழக்கு பலவீனமானது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-ல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். இவை கட்டுப்படுத்துவது வண்டியைத்தான், ஆளை இல்லை. அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் கேட்பதில்லை. ஹோட்டலும் திறந்துதான் இருந்தது. அதனால் 'பயணமே நடக்க முடியாமல் போய்விட்டது' என்ற வாதம் நிற்காது. தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், அதையும் கெஞ்சாமல் எழுத்தில் கேளுங்கள். சீசனில் மலைக்குப் போகிறவர்கள் முதலில் இ-பாஸ், அப்புறம் ரூம் என்று வைத்துக்கொண்டால் நல்லது.

2025 மே மாதம் காஷ்மீர் போக இருந்தோம். ஸ்ரீநகர் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். விமான டிக்கெட் பணம் வந்தது. ஹோட்டலும் படகு வீடும் தர மாட்டேன் என்கிறார்கள்.
– வாசகர், கோவை

அந்த மே மாதம் ஸ்ரீநகர் உட்பட 32 விமான நிலையங்கள் மூடப்பட்டிருந்தன, அதற்கு முன் பஹல்காம் தாக்குதலை அடுத்து காஷ்மீரில் 48 சுற்றுலா இடங்களையும் அரசு மூடியது. உங்கள் தேதி எதில் விழுகிறது என்று பிரித்துப் பாருங்கள். நீங்கள் தங்க இருந்த இடமே அரசு உத்தரவால் மூடியிருந்தால் கவலை வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 56-வது பிரிவின்படி நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது, 65-ன்படி வாங்கிய பணத்தைத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும். ஹோட்டல் திறந்திருந்து, விமானம் மட்டும் நின்றிருந்தால் இரண்டு பக்கமும் வாதாட இடம் இருக்கிறது. அப்போது புக்கிங் நிபந்தனைகளில் 'ஃபோர்ஸ் மஜூர்' (யார் கையிலும் இல்லாத அசாதாரணச் சூழ்நிலை) பகுதி இருக்கிறதா என்று பாருங்கள், விமான நிறுவனம் ரத்து செய்ததாக அனுப்பிய மெயிலையும் சேர்த்து வையுங்கள். விமானம் மறுபடி பறக்க ஆரம்பித்த பிறகு, பயத்தில் நீங்களே கேன்சல் செய்தது என்றால் சட்டம் பெரிதாக உதவாது. பயம் நியாயமானதுதான், யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் அங்கே ஹோட்டல்காரரின் மனசுதான் பேசும்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் ஆன்லைனில் பணம் கட்டி ரூம் போட்டோம். ராத்திரி போய் நின்றால் 'ரூம் இல்லை, பணம் ஒரு வாரத்தில் வந்துடும்' என்றார்கள். வயசான மாமியாரோடு அலைந்து, இரண்டு மடங்கு கொடுத்து வேறு இடத்தில் தங்கினோம். கட்டிய பணம் வந்துவிட்டது. இதோடு விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகி, மதுரை

விடாதீர்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பலமான வழக்கு உங்களுடையதுதான். கிரிவலத்தன்று ரூமுக்கு என்ன கிராக்கி என்று எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கு உறுதி செய்த ரூமைக் கூடுதல் வாடகைக்கு வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கவும் கூடும். அதை நீங்கள் நிரூபிக்கக்கூடத் தேவையில்லை. பணம் வாங்கி உறுதி செய்த ரூமைக் கொடுக்காததே சேவைக் குறைபாடு. கட்டிய பணம் திரும்பி வந்ததோடு கணக்கு தீரவில்லை. மாற்று ரூமுக்கு அதிகமாகக் கொடுத்த தொகை, ஆட்டோ செலவு, அந்த ராத்திரி பட்ட அவஸ்தைக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். மாற்று லாட்ஜின் பில் இருக்கிறதா? அது இல்லாமல் போனால்தான் சிக்கல். பணம் கட்டிய ரசீது, கன்ஃபர்மேஷன் மெசேஜ், அன்றைக்கு அவர்களோடு பேசிய கால் லாக் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு முதலில் 1915-ல் பதிவு செய்யுங்கள்.

கிரெடிட் கார்டில் கட்டிய பணத்தை பேங்க்கிடம் சொல்லித் திருப்பி எடுக்கலாம் என்கிறார்களே?
– வாசகர், சென்னை

சார்ஜ்பேக்கைச் சொல்கிறீர்கள். ரூம் தரவில்லை, தருவதாகச் சொன்ன ரீஃபண்ட் வரவில்லை, சொன்னதைவிட அதிகம் எடுத்துவிட்டார்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள், தாமதிக்காமல் போடுங்கள், அதற்குக் கெடு உண்டு. நான்-ரீஃபண்டபிள் ரூமை நீங்களே கேன்சல் செய்துவிட்டு சார்ஜ்பேக் போட்டால், நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனையை ஹோட்டல் எடுத்து நீட்டும், பேங்க் அதோடு கோப்பை மூடிவிடும். நியாயமான இழப்பீடு எவ்வளவு என்றெல்லாம் பேங்க் விசாரிக்காது, அது ஆணையத்தின் வேலை.

எனக்குப் போக முடியவில்லை, என் தம்பி குடும்பம் போகட்டுமே. பெயரை மாற்றித் தருவார்களா?
– வாசகர், திருநெல்வேலி

கேன்சல் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. நிறைய ஹோட்டல்கள் ஒத்துக்கொள்ளும், அவர்களுக்கு ஆள் வந்தால் போதும். ஹோட்டலுக்கு நேரடியாக போன் போட்டுப் பேசிவிட்டு, தம்பி பெயரும் புக்கிங் நம்பரும் போட்டு ஒரு மெயில் அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பி அந்த மெயிலையும் தன் ஆதாரையும் கொண்டுபோகட்டும். ஆப் வழியாகப் போட்டிருந்தால் அங்கேயும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரிசப்ஷனில் இருப்பவர் ஸ்கிரீனில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு தம்பியை உட்கார வைத்துவிடுவார்.